முழிப்புக் குளிசை விற்ற மூன்று வருஷம்

மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவனுக்கு இரண்டு சொல் தெரிந்தால் போதும், ஒன்று "இருக்கு", மற்றது "இல்லை". எனக்கு இரண்டாவது வாயில் வராது.

என்னைப் போலவே கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கிப் பிழைக்கிற சகோதரர்களே, நீங்கள் ஜவுளிக்கடையில் துணி விரித்தாலும் சரி, பலசரக்குக் கடையில் பருப்பு நிறுத்தாலும் சரி, என் கஷ்டம் உங்களுக்குப் புரியும். நான் நின்றது ஹட்டனில், காசிம் முதலாளியின் மருந்துக்கடையில். எனக்குக் குரல் சிறிது. மழை பெய்தால் நான் பேசுவது எதிரில் நிற்கிறவருக்குக் கேட்காது. ஹட்டனில் மழை பெய்யாத நாளை விரல் விட்டு எண்ணலாம். அப்பாவும் அம்மாவும் காலையிலேயே தேயிலை மலைக்கு வேலைக்குப் போய்விட, என்னை வளர்த்தது தாத்தாவும் அப்பாயியும். அவர்கள் என்னை ஒருநாளும் அதட்டியது கிடையாது. நெருப்பைத் தொடாதே என்று சொல்வதற்குக்கூட, நெருப்பைத் தொட்ட ராஜகுமாரன் ஒருவன் கதையைத்தான் ஆரம்பிப்பார்கள். கதை முடிவதற்குள் நான் தொட்டிருப்பேன்.

இப்படிப்பட்டவன் கையில்தான் அந்தப் பழுப்புச் சீசா கிடைத்தது. சட்டைப் பொத்தான் அளவு வெள்ளைக் குளிசை. கொழும்பிலிருந்து வரும். சோர்வு நீங்கவும் உடம்பு மெலியவும் என்று மேலே ஒட்டியிருக்கும். போட்டால் தூக்கம் வராது, பசி எடுக்காது, மனசு சப்பரம் மாதிரி ஜொலிக்கும். ஊரில் அதற்கு முழிப்புக் குளிசை என்று பெயர். கேட்டவருக்கெல்லாம் பத்துப் பத்தாகக் கடதாசியில் மடித்துக் கொடுத்தோம். கொடுத்தோம் என்ன, நான்தான் கொடுத்தேன்.

நானே ஆரம்பித்து வைத்தது

ராமையா அண்ணன் நோர்வூட் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் லொறி டிரைவர். தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், அரைத்துப் பெட்டியில் அடைத்த தேயிலையைக் கொழும்புக்குக் கொண்டுபோய் இறக்குவார். வரும்போது அரிசியும் உரமும் ஏற்றி வருவார். வாரத்துக்கு மூன்று நடை. ஒருநாள் காலையில் தலைவலிக்கு மருந்து கேட்டு வந்தவர், நான் அலமாரியைத் திறந்து மூடுவதற்குள் கவுண்டரில் கன்னத்தை வைத்துத் தூங்கிவிட்டார். நான் எழுப்பினேன். எழுப்பியதோடு விட்டிருக்கலாம். ஆனால் புதிதாக வேலைக்குச் சேர்ந்த எனக்கு உதவி செய்கிற ஆசை தலைக்கேறியிருந்தது.

"அண்ணே, புதுசா ஒரு குளிசை வந்திருக்குங்க" என்றேன்.

"அதுல தலைவலி போயிருமா தம்பி?"

"தலைவலி போகாதுங்க. தூக்கம் போயிரும்."

அவர் நிமிர்ந்து பார்த்த பார்வை இருக்கிறதே, கோயிலில் கற்பூரம் காட்டும்போது பார்க்கிற பார்வை. இதோ, ஒரு மனிதனுக்கு நான் நன்மை செய்தேன் என்று அன்றைக்கு முழுவதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். ஹட்டனிலிருந்து கொழும்புக்கு இறங்குகிற பாதையை அறிந்தவர்களுக்கு நான் என்ன செய்தேன் என்று தெரியும். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஒன்றுமில்லை. அந்தப் பாதையில் ராமையா அண்ணன் உயிரோடு போய் உயிரோடு வருவாரா என்ற கேள்வியை நானே என் மடியில் கட்டிக்கொண்டேன். அது அப்போது எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் கடைக்கு முன்னால் லொறியை நிறுத்தி, இறங்காமலே கத்தினார்:

"தம்பி, கொழும்பு இப்ப பாதி வழிக்கு, அவிசாவளைக்கு இந்தப் பக்கமே வந்திருச்சு!"

பித்தளை மெலிந்தது

லிந்துலைப் பக்கத்தில் ஒரு துரைசாணிக்கு உடம்பு மெலிய வேண்டும் என்று ஆசை. மாதம் ஒரு சீசா முழுசாக வாங்குவார். வாங்க வருகிறவர் பங்களாச் சமையல்காரர் சூசை அப்பு. வெள்ளைக்காரர் சாப்பிடுகிறதெல்லாம் சத்துள்ளது என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஆகவே அப்பு பங்களாவில் மிச்சம் விழுகிற புடிங்கை எப்படி ருசி பார்ப்பாரோ, அப்படியே குளிசையையும் ருசி பார்த்திருக்கிறார். சீசாவில் குறைந்த இடத்தை அதே அளவு வெள்ளைப் பெப்பர்மிண்டால் நிரப்பியிருக்கிறார். "இப்ப நல்லா சுறுசுறுப்பா இருக்கீங்களே அப்பு" என்று நானும் அவரை இரண்டு மாதம் மெச்சியிருக்கிறேன்.

சுறுசுறுப்பு பித்தளையில் இறங்கிவிட்டது. கதவுக் குமிழ், விளக்கு, சாம்பல் தட்டு என்று காலையில் தேய்க்க உட்கார்ந்தால் பகல் சாப்பாட்டு மணி அடித்தும் எழுந்திருக்க மாட்டாராம். அடுப்பில் ஒன்றும் ஏறியிருக்காதாம். துரை ஏதோ பந்தாட்டத்தில் ஜெயித்து வாங்கிய கோப்பையில் பொறித்திருந்த துரையின் பெயரே தேய்ந்து காணாமல் போன அன்றைக்குத்தான் விஷயம் வெளியே வந்தது. அப்புவைச் சமையலறையிலிருந்து பூந்தோட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். விடைபெற வந்தவர் என்னைக் குறை சொல்லவில்லை. கவுண்டரில் எடை போடுகிற பித்தளைத் தட்டைக் கொஞ்ச நேரம் ஆசையோடு பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பெப்பர்மிண்டு தின்னு தொரைசாணி ரெண்டு சுத்துப் பெருத்துட்டாங்க தம்பி, மெலிஞ்சது பித்தளை மட்டுந்தான்."

நாற்று மேடை வரை

எஸ்.எஸ்.சி. சோதனை வருகிற மாதத்தில் குளிசைக்குக் கிராக்கி கூடும். தோட்ட வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா ஒருவரின் மகன், நல்ல பையன், மூன்று முறை படித்தால் மறக்காதவன், நான்காவது முறையும் படிக்க ஆசைப்பட்டு என்னிடம் வந்தான். நானும் படித்து முன்னேறுகிற பிள்ளை என்று பத்தோடு ஒன்று கூடவே வைத்து மடித்துக் கொடுத்தேன்.

பூமிசாத்திரத் தாளில் முதல் கேள்வி தேயிலைப் பயிரைப் பற்றி. மலைநாட்டுப் பிள்ளைக்கு இதைவிட என்ன வேண்டும்? எழுதினான். தேயிலை விதை எப்படி இருக்கும், அதை எப்படித் தண்ணீரில் போட்டு மிதக்கிறதைப் பொறுக்கித் தள்ள வேண்டும், நாற்று மேடைக்குப் பந்தல் போட என்ன தழை நல்லது, அந்தத் தழை எந்தக் காட்டில் கிடைக்கும், அந்தக் காட்டுக்கு எப்படிப் போவது. கடதாசி கேட்டுக் கேட்டு வாங்கி எழுதினான். மேற்பார்வைக்கு நின்ற ஆசிரியர் இவன் சுறுசுறுப்பைப் பார்த்துப் பக்கத்துப் பிள்ளைகளை முறைத்தாராம். மணி அடித்தபோது பையன் முதல் கேள்வியில் நாற்றைப் பிடுங்கி நடுகிற இடத்துக்கு வந்திருந்தான். பல்லைக் கடித்துக்கொண்டே என்னிடம் வந்து நியாயம் கேட்டான்:

"அண்ணே, மத்த அஞ்சு கேள்வியும் கொழுந்து எடுத்ததுக்கப்புறம் பாத்துக்கலாம்னுதானே இருந்தேன், அதுக்குள்ள மணி அடிச்சா எப்புடி?"

ஆட்டுக்கு வழி விட்டவர்

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே மற்றவர்களுக்குச் சொல்லித் திரிந்த காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பாக்கியம் அக்கா வந்தார். ராமையா அண்ணனின் மனைவி. கொழுந்து எடுத்து எடுத்து விரலெல்லாம் கறை. சந்தைப் பையைக் கீழே வைத்துவிட்டு, கடையில் வேறு ஆள் இல்லாத நேரம் பார்த்துப் பேசினார். குளிசை இரண்டில் தொடங்கி இப்போது நாளைக்கு எட்டில் நிற்கிறதாம். சோற்றுத் தட்டில் கை வைத்தால் எழுந்துவிடுகிறாராம். வீட்டில் இருக்கிற நாளில் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றுவாராம், பூட்டுவாராம், மறுபடியும் கழற்றுவாராம். நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன். இடுப்பு வேட்டி நழுவுகிற அளவுக்கு அண்ணன் மெலிந்திருந்ததை நானும் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்திருக்கிறேன்.

"கூடப் போற கிளீனர் முத்து இருக்கானே, கல்யாணம் முடிஞ்சு ஆறு மாசந்தான் ஆகுது, அவன் வந்து அழுவுறான் தம்பி" என்றார் அக்கா. "கினிகத்தேனை வளைவுல இவரு கண்ணுக்கு ஒரு மந்தை ஆடு தெரிஞ்சுச்சாம். ஆட்டுக்கு வழி விடுறேன்னு லொறியைப் பள்ளத்துப் பக்கமாத் திருப்பிட்டாராம். முத்து ஸ்டீரிங்கைப் புடிச்சு இழுத்திருக்கான்." நான், ஆடு அடிபடவில்லையே என்று கேட்டுத் தொலைத்தேன். பயத்தில் வாயில் வந்த முதல் வார்த்தை அதுதான். அக்கா சந்தைப் பையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"ஆடே இல்ல தம்பி, அதைத்தானே சொல்லிக்கிட்டு இருக்கேன்."

கதை நன்றாயிருந்தது

இனி அண்ணனுக்குக் கொடுக்க மாட்டேன் என்று அக்காவிடம் சத்தியம் செய்தேன். மறுநாளே அண்ணன் வந்து நின்றார். கண் இரண்டும் சிவந்து, தாடை அரைத்துக்கொண்டே இருந்தது. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது கதை. எங்கள் தாத்தா சொல்கிற பாணியிலேயே, "ஒரு ஊர்ல ஒரு காவல்காரன் இருந்தானாம்" என்று ஆரம்பித்துவிட்டேன். ராஜாவின் நெல் களஞ்சியத்துக்குக் காவல். தூக்கமே வரக்கூடாது என்று முனியிடம் வரம் வாங்கினான். பத்து நாள் கண்ணை மூடாமல் காத்தான். பதினோராம் நாள் சுவரில் விழுந்த தன் நிழலையே திருடன் என்று நினைத்து ஈட்டியை எறிந்தான். ஈட்டி விளக்கில் பட்டு, விளக்கு நெல்லில் விழுந்து, களஞ்சியம் சாம்பல்.

அண்ணன் கவுண்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு உம் கொட்டிக் கேட்டார். இவ்வளவு கவனமாக என் கதையை யாரும் கேட்டதில்லை. அவர் மனசு மாறிவிட்டது என்றே நம்பி, கடைசியில் கொஞ்சம் குரலைக்கூட நடுங்கவிட்டேன்.

"கையில ஈட்டி இருந்தா அப்புடித்தான் தம்பி ஆவும், நமக்கிட்ட லொறிதானே இருக்கு, ரெண்டு மடிப்பு எடு" என்றார்.

எடுத்தேன்.

நானும் ஒன்று போட்டேன்

அண்ணனால் ஏன் விட முடியவில்லை என்று தெரிந்துகொள்ளத்தான் நானும் ஒன்று போட்டேன் என்று பிற்பாடு எல்லாரிடமும் சொன்னேன். உண்மை அதுவல்ல. அலமாரி முழுக்க இறக்கித் துடைத்து அடுக்க வேண்டிய நாள், எனக்கு அலுப்பு. அரை மணி நேரத்தில் என் குரல் எனக்கே கேட்டது. மழையைத் தாண்டிக் கேட்டது. இருமல் மருந்து வாங்க வந்த ஓர் ஐயாவுக்கு இருமல் எப்படி உண்டாகிறது என்று விளக்கினேன். அவர் போன பிறகும் விளக்கினேன். முதலாளியிடம், கடையை எப்படி நடத்த வேண்டும் என்பதைப் பதினாறு அம்சமாகப் பிரித்துச் சொன்னேன். பேசிக்கொண்டே சீசாக்களை எல்லாம் நிறம் பார்த்து அடுக்கினேன். சிவப்பிலிருந்து மஞ்சள், மஞ்சளிலிருந்து பச்சை. வானவில் தோற்றது. அதற்குப் பிறகு இரண்டு வாரத்துக்கு விளக்கெண்ணெய் எங்கே இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

மறுநாள் பிழிந்துபோட்ட துணி மாதிரி வந்து நின்றேன். யார் என்ன கேட்டாலும் அழுகை வந்தது. அப்போது என் கை என்னைக் கேட்காமலே பழுப்புச் சீசாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தது. பார்த்துவிட்டுத்தான் கையை எடுத்தேன். எனக்கு ஒரே ஒரு நாளில் இப்படி என்றால், அண்ணனுக்கு மூன்று வருஷம். காசிம் முதலாளி எல்லாவற்றையும் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"சிவலிங்கம், இந்தப் பொறப்புக்குப் பேச வேண்டியதை எல்லாம் நேத்தே பேசி முடிச்சிட்டே, இனி அந்தச் சீசாவுல ஒண்ணை வாயில போட்டியோ ஒன்னைய வீட்டுக்கு அனுப்பிடுவன்" என்றார்.

துண்டு

எனக்கு வாய் வராது, ஆனால் பலகைக்கு வரும் அல்லவா? முதலாளியின் சம்மதத்தோடு ஒரு பலகையில், "துண்டு இல்லாமல் முழிப்புக் குளிசை கொடுக்கப்பட மாட்டாது" என்று எழுதித் தொங்கவிட்டேன். நான் நினைத்தது டொக்டர் எழுதிக் கொடுக்கிற துண்டை. ஆனால் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நான் ஒன்றை மறந்துவிட்டேன். தோட்டத்தில் துண்டு இல்லாமல் மூச்சு மட்டும்தான் விடலாம். அரிசிக்குத் துண்டு, கம்பளிக்குத் துண்டு, பிள்ளைப்பேற்றுக்குப் போகத் துண்டு, செத்தவருக்குப் பெட்டி அடிக்கப் பலகை கேட்டுத் துண்டு. யாராவது ஒருவர் எழுதிக் கொடுத்தால் சரி, அது துண்டுதான். பலகையைப் படித்துவிட்டு ஒருவரும் கோபப்படவில்லை. அடுத்த வாரமே ஆளுக்கு ஒன்று கொண்டுவந்துவிட்டார்கள்.

கணக்கப்பிள்ளை கொடுத்த துண்டில், "இவர் பொய் பேச மாட்டார்" என்றிருந்தது. சங்கத் தலைவர் சிவப்பு சீல் குத்தி, "உடனே வழங்கவும்" என்று கட்டளை போட்டிருந்தார். கோயில் பூசாரியின் துண்டைப் பிரித்தால் திருநீறு கொட்டியது, இட்டுக்கொண்டேன். முடி வெட்டுகிறவர் ஒருவர் தனக்குத் தானே எழுதிக்கொண்டு வந்திருந்தார். ராமையா அண்ணன் கொண்டுவந்தது இங்கிலீஷில். நான் எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் மடிப்பு அவர் கைக்குப் போய்விட்டது. படித்துப் பார்த்தால், நாற்பது பெட்டித் தேயிலையை ஸ்டோர் கேட்டுக்கு வெளியே விடச் சொல்லி தேயிலை தயாரிப்பைக் கவனிக்கிற டீமேக்கர் கொடுத்த பாஸ். "அண்ணே, இது பெட்டி வெளிய போறதுக்குங்க" என்றேன், எனக்கே கேட்காத குரலில்.

"பெட்டியோட நானுந்தானே தம்பி வெளிய போறேன், சீல் இருக்கான்னு மட்டும் பாரு!"

கரிச்சட்டிக் கைநாட்டு

பலகை தோற்ற கதை, அண்ணன் குடியிருந்த தோட்டத்து வரிசை வீடுகளான ஐந்தாம் நம்பர் லயத்துக்கும் போயிருக்கிறது. அடுத்த திங்கட்கிழமை பாக்கியம் அக்கா வேலைக்குப் போகாமல் முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். கையில் ஒரு துண்டு. பள்ளிக்கூட வாத்தியார் எழுதிக் கொடுத்தது. "எங்கள் லயத்து லொறி டிரைவர் ராமையாவும் கூடப் போகும் கிளீனர் முத்துவும் எங்களுக்கு வேண்டும். ஆகவே ராமையாவுக்கு முழிப்புக் குளிசை கொடுக்கக் கூடாது." அவ்வளவுதான். அதன் கீழே பதினான்கு கைநாட்டு. மைக்கு எங்கே போவது? சோற்றுச் சட்டியின் அடிக்கரியில் விரலைத் தேய்த்து வைத்திருந்தார்கள். தொட்டால் கையில் ஒட்டியது. முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார். பிறகு பழுப்புச் சீசாவை எடுத்துத் தன் இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, "இவ்வளவு பெரிய டொக்டருங்க இதுவரைக்கும் நம்ம கடைக்குத் துண்டு எழுதினதில்ல" என்று அக்காவிடம் சொன்னார்.

ஒன்பது மணிக்கு அண்ணன் வந்தார், லொறி நிறையப் பெட்டியோடு. அக்கா உள்ளே ஒதுங்கிவிட்டார். நான் வாயைத் திறக்கவே முயற்சி செய்யவில்லை. துண்டைக் கவுண்டரில் விரித்து அவர் பக்கமாகத் திருப்பி வைத்தேன். முதலில் சிரித்தார். பிறகு ஒவ்வொரு கரி வட்டமாக விரலை வைத்துப் பார்த்தார். பாதி விரல் மட்டும் பதிந்திருந்த ஓர் இடத்தில் நின்றுவிட்டார். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற கத்தி என்றைக்கோ யாருடைய விரலிலோ பாதியைக் கொண்டுபோயிருந்தது. அண்ணனின் தாடை அரைப்பது அப்போதுதான் நின்றது.

"இது முத்துவோட ஆத்தா வெரலு" என்றார். "துண்டுன்னா துண்டுதான் தம்பி, கொண்டா, பையில வச்சுக்கிறேன்."

செத்தவர் விட்ட குறட்டை

அவர் வெறுங்கையோடு லொறி ஏறிப் போனதும் நான் பட்ட பெருமையைச் சொல்ல வேண்டும். அக்காவுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். பத்து மணிக்கு முதலாளியிடம், மன உறுதி என்றால் என்ன என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பதினொரு மணிக்கு ஒரு பஸ் வந்து நின்றது. கிளீனர் முத்து இறங்கி, தலையில் அடித்துக்கொண்டு கடைக்குள் ஓடிவந்தான். "அக்கா, அண்ணன் போயிட்டாரு" என்றான். அக்கா கையிலிருந்த கிளாஸ் கீழே விழுந்தது. மூன்று வருஷத்துத் தூக்கத்தைப் பாக்கி வைத்திருந்த ஒரு மனிதனை, குளிசை இல்லாமல், அந்தப் பாதையில், நிறைந்த லொறியோடு அனுப்பியிருக்கிறேன். கொடுத்ததும் நான், நிறுத்தியதும் நான். "இன்னிக்கு லொறி வேணாம், வீட்டுக்குப் போங்கண்ணே" என்று ஒரு வார்த்தை எனக்குத் தோன்றவில்லை.

மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். போகிற வழியில்தான் முத்து முழுசாகச் சொன்னான். வட்டவளை தாண்டியதும் அண்ணனின் தலை சாய ஆரம்பித்திருக்கிறது. ரோட்டில் ஆடு நிற்கிறது என்றாராம். இல்லை என்று முத்து சொல்ல, சட்டைப்பையில் இருந்த துண்டை ஒருமுறை தொட்டுப் பார்த்திருக்கிறார். பிறகு, "நீ சொன்னா சரிடா" என்று லொறியை மலைப் பக்கமாகத் திருப்பி, மண் திட்டில் மூக்கை முட்ட வைத்து, எஞ்சினை நிறுத்திவிட்டு ஸ்டீரிங்கில் விழுந்திருக்கிறார். உலுக்கியும் எழவில்லை, தண்ணீர் அடித்தும் எழவில்லை. பஸ்ஸை மறித்து நாலு பேர் தூக்கிப் போட்டுக் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் விட்டிருக்கிறார்கள். வார்டுக்குள் நாங்கள் அழுதுகொண்டே நுழைந்தால், கட்டிலில் இருந்து ஸ்டோர் எஞ்சின் மாதிரி ஒரு சத்தம். டொக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு அக்காவைப் பார்த்தார்.

"இவருக்கு மருந்து ஒண்டும் தேவையில்லையம்மா, பாய்தான் தேவை" என்றார்.

தப்பு அடிக்காத காலை

அண்ணனின் தோட்டத்துத் துரை அவரிடமிருந்து லொறிச் சாவியை வாங்கிவிட்டார். ஸ்டோரில் தேயிலை சலிக்கிற வேலை கொடுத்தார். சம்பளம் குறைவு. டிரைவர் என்று நாலு பேர் கும்பிட்டது போயிற்று. அந்த வேலையிலும் உடனே சேர முடியவில்லை, ஏனென்றால் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள், கடை மூடுகிற வெள்ளிக்கிழமை மத்தியானம், ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்கப் போனேன். லயத்து வாசலில் பிள்ளைகள் கிட்டிப்புள் ஆடிக்கொண்டிருந்தார்கள், வாய் திறக்காமல், கையைக் காட்டியே சண்டை போட்டுக்கொண்டு. "அக்கா" என்று கூப்பிட்டேன். "மெதுவாப் பேசுங்க தம்பி" என்று பக்கத்து வீட்டுக் காம்பராவிலிருந்து ஒரு பெண் அதட்டினார். என் வாழ்க்கையில் என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதே இல்லை.

அண்ணன் இடையில் ஒரு முறை எழுந்து கஞ்சி குடித்தாராம். ஒரு மடிப்பு மட்டும் வாங்கி வா என்று முத்துவைக் கெஞ்சினாராம், அழுதாராம், கடிகாரத்தைத் தேடினாராம். அக்கா அதை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தார். பிறகு மறுபடியும் தூங்கிவிட்டார். உள்ளே எட்டிப் பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டு, ஒரு கையைத் தலைக்கு வைத்து, சின்னப் பிள்ளை மாதிரி. நான் பழத்தை வைத்துவிட்டு, மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்து, பழம் நல்ல பழம் என்று மட்டும் சொன்னேன். அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வாசலில் உட்கார்ந்து, கிசுகிசுவென்று சொல்ல ஆரம்பித்தார். தோட்டத்தில் விடிகிறபோது தப்பு அடித்துத்தான் ஆட்களை எழுப்புவார்கள். எழுந்து பெரட்டுக் களத்துக்குப் போனால் அங்கே வேலை பிரிப்பார்கள். அக்கா முதல் நாளே போய்த் தப்பு அடிக்கிறவர் காலில் விழுந்திருக்கிறார். அவரும் ஐந்தாம் நம்பர் லயத்துப் பக்கம் வராமல் சுற்றிப் போயிருக்கிறார். லயத்தில் இருபது குடும்பமும் தாங்களாகவே எழுந்து, தட்டுமுட்டுச் சத்தம் இல்லாமல் ரொட்டி தட்டி, கூடையை எடுத்துக்கொண்டு இருட்டில் வரிசையாக நடந்திருக்கிறார்கள். தப்புச் சத்தமும் இல்லை, பேச்சுச் சத்தமும் இல்லை, ஆனால் சனம் வருகிறது என்றதும் கங்காணி பதறிப்போய்த் தடியோடு ஓடிவந்தாராம். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எத்தனை மாதத்துக்குப் பிறகோ தெரியவில்லை.

"'என்னாடி இது, ஸ்ட்ரைக்கா?'ன்னாரு, 'இல்லீங்க, எங்க வீட்டு ஆளு தூங்குறாரு'ன்னேன், அந்த மனுசன் கால் செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டு அப்புடியே திரும்பி நடந்தாரு தம்பி."

ஒரு ஆளின் தூக்கத்தைக் கெடுக்க நான் மடித்துக் கொடுத்த ஒரு குளிசை போதுமாயிருந்தது, அதைத் திரும்பக் கொண்டுவர ஒரு லயத்துச் சனம் முழுக்க மூச்சை அடக்கி நடக்க வேண்டியிருந்தது என்பதுதான், மூன்று வருஷம் மருந்துக்கடையில் நின்று நான் கற்ற மொத்த வைத்தியமும்.